பெட்டி எந்தப் படியில் நின்றது? புது ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றும்போது வரும் கோளாறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, ரூட்டர் அமைப்பது எல்லாம் உண்டு. ரூட்டரில் கம்பெனி கொடுத்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய, லினக்ஸ் அடிப்படையிலான இலவச மென்பொருள்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt). ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் புது நம்பரிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் ஒரே சேதிதான்.

"அண்ணா, ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டேனுங்க. பெட்டி செத்துப்போச்சுங்க."

"பதட்டப்படாதீங்க தம்பி. கரண்ட் லைட் எரியுதுங்களா?"

"எரியுதுங்ண்ணா. விட்டு விட்டு எரியுது."

விட்டு விட்டு எரிந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ரூட்டருக்குள் இரண்டு மென்பொருள்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுவது பூட்லோடர். அது ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை நடத்தும் முக்கிய மென்பொருளை, எழுப்பிவிடுகிறது. ஃபர்ம்வேர் எழுந்து, அமைப்புகளைப் படித்து, லேன் போர்ட்டைத் திறந்து, கடைசியாக வைஃபையைத் தொடங்குகிறது. நாம் மாற்றுவது பெரும்பாலும் இரண்டாவதை மட்டும். பூட்லோடர் கெடாதவரை பெட்டியை மீட்க வழி உண்டு. அதனால் என்ன கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றது என்பது. கீழே அந்த வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் பெட்டி நிற்கும் இடத்தில் நீங்கள் நுழைந்துகொள்ளலாம்.

கையில் வேண்டியவை: லேன் போர்ட் உள்ள லேப்டாப், நல்ல பேட்ச் கார்டு ஒன்று, ரீசெட் ஓட்டைக்கு ஒரு குண்டூசி, இணையத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட். உங்கள் மாடலுக்கான கம்பெனி ஃபர்ம்வேரையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நின்ற பிறகு அதைத் தேடி அலைவது பெரிய அவஸ்தை.

ஆதரவுப் பட்டியலில் என் மாடல் இருக்கிறது, ஆனால் படிமம் பொருந்தவில்லை

ஆதரவுப் பட்டியல் என்பது ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள மாடல் பட்டியல், படிமம் என்பது பெட்டியில் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு. பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வெர்ஷன் எண் இருக்கும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்று கடையில் ஒரே பெயரில் விற்றார்கள். ஆனால் அதன் வெர்ஷன் 2-இல் இருப்பது குவால்காம் சிப், வெர்ஷன் 3-இல் இருப்பது மீடியாடெக் எம்டி7621. வெளி உறை ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு பெட்டி. ஒன்றின் படிமம் மற்றொன்றில் ஓடாது. அட்டைப்பெட்டியில் உள்ள படத்தையோ கடைக்காரர் சொல்லையோ நம்பி வாங்காமல், லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சிப். புது வைஃபை 6 ரூட்டர்களில் என் அனுபவத்தில் தொல்லை குறைவாகக் கொடுப்பவை மீடியாடெக் ஃபிலாஜிக் வரிசைப் பெட்டிகள், அதாவது எம்டி7981, எம்டி7986. அவற்றின் வைஃபை டிரைவரான எம்டி76 திறந்த மூலமாக லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. குவால்காமின் ஐபிகியூ807எக்ஸ் வரிசை ஓப்பன்டபிள்யூஆர்டியின் 23.05 வெளியீட்டிலிருந்து நன்றாக வந்துவிட்டது. பிராட்காம் சிப் உள்ள வைஃபை 6 பெட்டி என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அவற்றின் வைஃபைக்குத் திறந்த டிரைவர் இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. வைஃபை 7-ஐப் பொறுத்தவரை 24.10 வெளியீட்டில் ஆதரவு தொடக்க நிலையில்தான் இருந்தது. பல அலைவரிசைகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் எம்எல்ஓ வசதி அதில் இல்லை. அந்த வசதிக்காகவே வைஃபை 7 பெட்டி வாங்குவதாக இருந்தால், உங்கள் மாடலின் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வாங்குங்கள்.

நினைவகத்தையும் பாருங்கள். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம், இதற்குக் கீழே இருந்தால் இன்றைய வெளியீடுகளில் பெட்டி திணறும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஆதரவு முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

இந்தத் தேடலே வேண்டாம் என்பவர்களுக்கு, 2024-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. எம்டி7981 சிப், 1 ஜிபி ராம். ஃபிளாஷில் எழுதியது கெட்டுப்போனால், ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளி வேறொரு தனி ஃபிளாஷிலிருந்து எழுப்பலாம். பெட்டி நின்று தவித்தவர்களுக்குத்தான் அந்தச் சுவிட்சின் அருமை தெரியும்.

கம்பெனி ஃபர்ம்வேர் நம் கோப்பை ஏற்க மறுக்கிறது

இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறும்போது போட வேண்டியது ஃபேக்டரி என்று முடியும் கோப்பு. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் பெட்டிக்கு சிஸ்அப்கிரேடு என்று முடியும் கோப்பு. மாற்றிப் போட்டால் பெரும்பாலும் மறுத்துவிடும். ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து.

சரியான கோப்பைப் போட்டும் மறுத்தால், கம்பெனி தன் கையொப்பம் இல்லாத கோப்பைத் தடுக்கிறது என்று பொருள். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைப் பயனர் மாற்றிவிடக் கூடாது என்று அமெரிக்க எஃப்சிசி விதி கொண்டுவந்த பிறகு பல கம்பெனிகள் பெட்டியை மொத்தமாகப் பூட்டிவிட்டன. 2016-இல் எஃப்சிசி டிபி-லிங்க்குடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 2 லட்சம் டாலர் அபராதம் விதித்ததோடு, மூன்றாம் தரப்பு ஃபர்ம்வேரை ஏற்கும்படி பெட்டிகளைச் செய்ய முயல வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியும் எல்லாப் பூட்டும் திறந்துவிடவில்லை. ஷாவ்மி போன்ற பெட்டிகளுக்கு முதலில் உள்ளே நுழைய வழி திறக்கும் தனிப் படிகள் உண்டு. அந்த வழிகள் குறிப்பிட்ட கம்பெனி ஃபர்ம்வேர் வெர்ஷனில் மட்டும் வேலை செய்யும். அதனால் பெட்டி வாங்கியதும் அது கேட்கும் அப்டேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். வந்த வெர்ஷனிலேயே நிறுத்தி வைத்து, முதலில் படியுங்கள்.

வழிமுறையில் பூட்லோடரையே மாற்றச் சொன்னால், முதல் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். கோப்பை இறக்கியதும் அதன் ஷா256 சரிபார்ப்பு எண் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் பாதியில் அறுந்த கோப்பு பல பெட்டிகளைச் சாய்த்திருக்கிறது.

ஏற்றியாயிற்று, ஆனால் வைஃபை பெயரே தெரியவில்லை

இது கோளாறே இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி முதல்முறை எழும்போது வைஃபையை அணைத்துத்தான் வைத்திருக்கும். கேபிளை லேன் போர்ட்டில் சொருகி, உலாவியில் 192.168.1.1 திறங்கள். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் எதுவும் கிடையாது. உள்ளே போனதும் முதல் வேலையாகக் கடவுச்சொல் வையுங்கள், பிறகு வைஃபையை இயக்குங்கள்.

அந்த முகவரி திறக்கவில்லை, ஆனால் பிங் போகிறது (பெட்டி பதில் தருகிறது) என்றால் நீங்கள் போட்டது பெரும்பாலும் ஸ்னாப்ஷாட். தினமும் உருவாகும் அந்தப் படிமத்தில் லூசி என்ற வலைப்பக்கம் சேர்ந்து வராது. எஸ்எஸ்எச் வழியாக, அதாவது கட்டளை வரியில், நுழைந்து அதைத் தனியாக நிறுவ வேண்டும். வெளியீடாக வந்த படிமம் கிடைத்தால் அதையே போடுங்கள்.

லைட் விட்டு விட்டு எரிகிறது, அல்லது பெட்டி தானாகத் திரும்பத் திரும்ப எழுகிறது

இங்கே நிதானம் வேண்டும். ஒரு சம்பவம் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிப்பட்டறை. புதுப் பெட்டியில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே போன். பெட்டி எழுகிறது, முக்கால் நிமிடம் ஓடுகிறது, அணைந்து மறுபடி எழுகிறது. படிமம் கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு முறை மாற்றி ஏற்றினேன். அதே கதை. மூன்றாம் முறை, லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பவர் லைட், லேன் லைட், 2.4 லைட், எல்லாம் வரிசையாக வந்தன. 5 கிகா லைட் எரிந்த அந்த நொடியில் மொத்தமும் அணைந்தது. உடனே அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருந்தது. பெட்டி கேட்பது 1.5 ஆம்பியர். யாரோ கேமரா அடாப்டரை மாற்றிச் சொருகியிருந்தார்கள். ரேடியோ எழும்போது கரண்ட் போதாமல் பெட்டி விழுந்திருக்கிறது. சரியான அடாப்டரைப் போட்டதும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஃபர்ம்வேரைத் தொடுவதற்கு முன் அடாப்டரின் லேபிளைப் படிக்கிறேன். நம் பக்கம் தறி ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவதும் உண்டு. சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று போட்டால், அதன் ஆம்பியரும் போதுமா என்று பாருங்கள்.

அடாப்டர் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் ஃபெயில்சேஃப், அதாவது நம் அமைப்புகளை விட்டுவிட்டுப் பெட்டி எழும் பாதுகாப்பு நிலை. லேப்டாப்பின் லேன் கார்டுக்கு 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள். கரண்டைப் போட்டதும் பவர் லைட்டையே பாருங்கள். சில நொடிகளில் அது சீராகத் துடிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். பிடித்துவிட்டால் லைட் மிக வேகமாக, நடுங்குவதுபோல் துடிக்கும். முன்னதாகவே அழுத்திப் பிடித்தால் சில பெட்டிகள் பூட்லோடரின் மீட்பு நிலைக்குப் போய்விடும், அதனால் கரண்ட் போட்ட பிறகு அழுத்துங்கள். லைட் நேரம் பிடிபடவில்லை என்றால், பெட்டி அந்தக் கணத்தில் "இப்போது பொத்தானை அழுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு யுடிபி செய்தியை 4919 போர்ட்டில் அனுப்பும். நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்தால் அது வருவது கண்ணுக்குத் தெரியும்.

ஃபெயில்சேஃபில் நம் அமைப்புகள் எதுவும் ஏறாது. எஸ்எஸ்எச் வழியாக ரூட் என்று 192.168.1.1-க்குள் நுழைந்து ஃபர்ஸ்ட்பூட் கட்டளை கொடுத்துவிட்டு ரீபூட் செய்தால், நாம் செய்த மாற்றங்கள் அழிந்து புதிதாக எழும். தப்பான விலேன் (ஒரே கேபிளில் நெட்வொர்க்கை எண் கொடுத்துப் பிரிப்பது) அமைப்பினால் தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இதுவே போதும்.

ஃபெயில்சேஃபும் வரவில்லை என்றால் பூட்லோடரிடம் நேராகப் பேச வேண்டும். பல பெட்டிகளில் பூட்லோடர், டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் லேப்டாப்பிடம் ஒரு கோப்பைத் தேடும். பழைய டிபி-லிங்க் மாடல்கள் பலவற்றில் லேப்டாப் முகவரி 192.168.0.66 ஆக இருக்க வேண்டும். மற்ற பெட்டிகளுக்கு முகவரி மாறும், கோப்பின் பெயரும் மாடலுக்கு மாடல் மாறும், அது எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். இதில் தோற்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும் கோப்பைக் கொடுக்க விடாது. அதைக் கொஞ்ச நேரம் அணையுங்கள். இன்னொன்று, பெட்டி அணைந்து எழும்போது லேப்டாப்பின் லேன் இணைப்பும் விழுந்து, அது மறுபடி எழுவதற்குள் பூட்லோடர் தேடி முடித்துவிடும். நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை வையுங்கள். லேப்டாப்புக்கு இணைப்பு விழாது, கோப்பும் போய்ச் சேரும். இந்தச் சுவிட்சை என் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

கடைசி வழி சீரியல். பெட்டியைத் திறந்து, போர்டில் மூன்று அல்லது நான்கு ஓட்டைகளாக இருக்கும் இடத்தில் லேப்டாப்பின் யுஎஸ்பியைப் போர்டின் சீரியல் கால்களோடு சேர்க்கும் யுஎஸ்பி-டிடிஎல் கார்டைக் கொடுக்க வேண்டும். வேகம் பெரும்பாலும் 115200. மூன்று கம்பிகள் மட்டும்: கிரவுண்ட், அனுப்புவது, வாங்குவது. அனுப்பும் கம்பி அங்கே வாங்கும் காலில் சேர வேண்டும். பவர் கம்பியைக் கொடுக்காதீர்கள். கார்டு 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், 5 வோல்ட் போனால் சிப் போய்விடும். கம்பி சேர்ந்து திரையில் யூ-பூட் (பூட்லோடரின் பெயர்) வரிகள் ஓட ஆரம்பித்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். எங்கே நின்றது என்று பெட்டியே சொல்லிவிடும்.

வைஃபை வருகிறது, இணையம் வரவில்லை

வாரம் ஒருமுறையாவது பார்ப்பது இது. ஃபைபர் ஆள் வைத்துவிட்டுப் போன, ஃபைபர் லைனை லேன் கேபிளுக்கு மாற்றும் ஓஎன்டி பெட்டியின் முகவரியும் 192.168.1.1. நம் ரூட்டரும் 192.168.1.1. வான் (WAN) எனப்படும் இணையம் வரும் பக்கமும் லேன் எனப்படும் உள் பக்கமும் ஒரே தெருப் பெயராக இருந்தால் ரூட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது. லூசியில் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமியுங்கள். மாற்றியதும் 90 நொடிக்குள் புது முகவரியில் நுழையாவிட்டால் லூசி பழையதற்கே திரும்பிவிடும். கேபிளைக் கழற்றிச் சொருகி, லேப்டாப்புக்குப் புது முகவரி வாங்கி, உடனே நுழையுங்கள்.

ஓஎன்டி வெறும் பாலமாக மட்டும் இருக்கும் பிரிட்ஜ் நிலையில் இருந்தால், இணைய இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நம் பெட்டியில் கொடுக்க வேண்டும். சில இணைப்புகளுக்கு விலேன் எண்ணும் தேவை. அது லைன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய விஷயம். வந்த நாளன்றே கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுங்கள்.

சில தளங்கள் மட்டும் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றால் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ இணைப்பில் அது 1492. வான் ஃபயர்வால் பகுதியில், பொட்டலத்தை அந்த அளவுக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் இணையம் வர மறுப்பது தனி வகை. ஆடி மாதம் பல்லடம் பக்கம் அடிக்கும் காற்றில் லைன் போவதும் வருவதும் வழக்கம்தானே. பெரும்பாலான ரூட்டர்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்போது அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியதன் தேதியைத் தற்காலிக நேரமாக எடுத்துக்கொள்ளும், அது பழைய தேதியாக இருக்கும். தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மறைகுறியாக்கி அனுப்பும் அமைப்பு போட்டிருந்தால் சான்றிதழ்கள் "இன்னும் செல்லாது" என்று மறுக்கப்படும். டிஎன்எஸ் இல்லாமல் நேரச் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் சரியாகாமல் டிஎன்எஸ் வராது. நேரச் சர்வர்களில் ஒன்றையாவது பெயருக்குப் பதில் ஐபி முகவரியாகக் கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும்.

2.4 வருகிறது, 5 கிகா வரவில்லை

முதலில் நாட்டுக் குறியீடு. அது கொடுக்கப்படாவிட்டால் கெர்னல், எந்த நாட்டுக்கும் பொதுவான கடுமையான விதிகளைப் பிடித்துக்கொள்ளும். 5 கிகா சேனல்களில் தானாக ஒலிபரப்பைத் தொடங்க விடாது. வைஃபை அமைப்பில் இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். எல்லா ரேடியோவுக்கும் ஒரே நாடு இருக்கட்டும். பவர் கூடும் என்று வேறு நாட்டைப் போடாதீர்கள், அது சட்டப்படி தவறு.

நாடு சரியாக இருந்தும் தாமதமாக வந்தால் சேனலைப் பாருங்கள். ரேடார் பயன்படுத்தும் சேனல்களில் ரூட்டர் முதலில் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். சந்தேகம் இருந்தால் 36-ஐப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு அலைவரிசையும் வந்து, பக்கத்து அறைக்கே சிக்னல் எட்டவில்லை என்றால், ரேடியோ அளவீடு அடங்கிய பகுதி அழிந்திருக்கலாம். ஃபேக்டரி அல்லது ஏஆர்டி என்று அதற்குப் பெயர் (மேலே சொன்ன ஃபேக்டரி கோப்பு வேறு). ஒவ்வொரு பெட்டிக்கும் ஆலையில் அளந்து எழுதியது அது. இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் சரிவராது. லூசியின் பேக்கப் பக்கத்தில் எம்டிடி பகுதிகளை, அதாவது ஃபிளாஷின் பிரிவுகளை, சேமிக்கும் வசதி இருக்கிறது. புதுப் பெட்டியில் நுழைந்த முதல் நாளே அந்தப் பகுதியைச் சேமித்து, பெட்டியின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்து வேறிடத்தில் வையுங்கள். இது பலருக்கும் தெரியாமல் போவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

போன்கள் சேர்கின்றன, பிரிண்டரும் கேமராவும் சேரவில்லை

பேக்கிங் பிரிவில் ஸ்டிக்கர் பிரிண்டர், கைப்பிடி ஸ்கேனர், தோட்டத்துச் சாளையில் மாட்டிய கேமரா, இவை பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிந்த பழைய ரேடியோக்கள். டபிள்யூபிஏ3 என்ற புதுப் பாதுகாப்பு முறை கலந்த அமைப்பைக் கண்டால் சில விலகிவிடும். 2.4-இல் ஏஎக்ஸ் (வைஃபை 6) நிலையே சிலவற்றுக்குப் புரியாது. இவற்றுக்கென 2.4-இல் தனிப் பெயர் வைத்து, டபிள்யூபிஏ2 மட்டும், நிலை என் (N), அகலம் 20, சேனல் 1, 6, 11-இல் ஒன்று என்று கொடுங்கள். வேகமான ரோமிங் வசதியை அணையுங்கள். இதே பெயரை உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டால் பாதுகாப்பும் கிடைக்கும்.

கம்பெனி ஃபர்ம்வேரில் வந்த வேகம் வரவில்லை

எம்டி7621 போன்ற சிப்பில் எல்லாப் பொட்டலமும் சிபியு வழியாகப் போனால் சில நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். ஃபயர்வால் பக்கத்தில், சிபியுவின் சுமையைக் குறைக்கும் ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை இயக்குங்கள். லைன் நெரிசலில் தாமதத்தைக் குறைக்கும் எஸ்கியூஎம் வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். ஆஃப்லோடிங் போட்டால் பொட்டலங்கள் எஸ்கியூஎம்மைத் தாண்டிப் போய்விடும். வீடியோ கால் விக்காமல் இருக்க வேண்டுமா, முழு வேகம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆர்டர் பேசும் அலுவலகங்களுக்கு நான் எஸ்கியூஎம்மையே வைக்கிறேன்.

புது வெளியீட்டுக்கு மாற மறுக்கிறது

"அமைப்பு பொருந்தாது, அமைப்பை வைத்துக்கொள்ளாமல் ஏற்றுங்கள்" என்று சொன்னால், அதை மீறி வற்புறுத்தாதீர்கள். 21.02-இலிருந்து பல பெட்டிகளில் போர்ட்டுகளைக் கையாளும் முறை டிஎஸ்ஏ என்ற புது அமைப்புக்கு மாறியது. பழைய நெட்வொர்க் கோப்பு அதில் ஓடாது. பழையதைப் பேக்கப் எடுத்து, சுத்தமாக ஏற்றி, பிபிபிஓஇ விவரங்களையும் வைஃபை பெயரையும் கையால் எழுதுங்கள். பத்து நிமிட வேலை.

நாம் தனியாக நிறுவிய பொதிகள் (கூடுதல் மென்பொருள்கள்) மேம்படுத்தலில் போய்விடும், அமைப்புக் கோப்புகள் மட்டும் தங்கும். அவற்றையும் சேர்த்தே படிமம் கட்டித் தரும் அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 24.10 வரை பொதிகளை நிறுவுவது ஓபிகேஜி. அதன் பின் வந்தவற்றில் ஏபிகே. பழைய கட்டளையைக் கொடுத்துவிட்டு "அப்படி ஒன்று இல்லை" என்று வந்தால் பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை, கட்டளைதான் மாறியிருக்கிறது. ஸ்னாப்ஷாட்டில் கெர்னல் பொதி பொருந்தவில்லை என்று வந்தால், நீங்கள் ஏற்றிய பிறகு களஞ்சியம் புதிதாகிவிட்டது. புது ஸ்னாப்ஷாட்டை ஏற்றி, அதே நாளில் வேண்டிய பொதிகளையும் நிறுவி முடித்துவிடுங்கள்.